'ஸ்மோக் ஆன் த வாட்டர்': ரிஃபை விடுங்கள், வரிகளைக் கேளுங்கள்

கிட்டாரைக் கையில் எடுத்த யாருமே முதல் சில நாட்களில் வாசித்துப் பார்க்கும் ரிஃப் அது, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் மெட்டு. இங்கிலாந்து ராக் குழுவான டீப் பர்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. சரி, அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். ரிஃப் அவ்வளவு பிரபலமானதில் வரிகளுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்பது என் கட்சி. அதில் உவமையும் இல்லை, தத்துவமும் இல்லை. ஊர், ஆட்கள், கட்டடம் எல்லாம் பெயரோடு வருகிற ஒரு தீ விபத்துச் செய்தி அது.

1971 டிசம்பர். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிவு செய்ய டீப் பர்பிள் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகருக்குப் போயிருந்தது. ஜெனீவா ஏரிக்கரை ஊர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கிருந்த கேசினோவின் அரங்கில் பதிவு செய்வதாகத் திட்டம். அதற்கு முன் அங்கே ஒரே ஒரு கச்சேரி பாக்கி: டிசம்பர் 4, அமெரிக்க இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும்.

கச்சேரி நடுவில் கூட்டத்தில் எவனோ ஒருவன், கப்பலில் ஆபத்துக்கு வெளிச்சம் காட்டச் சுடுவார்களே, அந்த ஃப்ளேர் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டுவிட்டான். கேசினோ முழுக்க எரிந்து போனது. ஸப்பா குழுவின் கருவிகளும் போயின. ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. மான்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்திய க்ளாட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார். பாட்டில் அவர் பெயர் வருவது அதனால்தான். ஸப்பாவுக்குக் கெட்ட நேரம் அதோடு விடவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, லண்டன் ரெயின்போ அரங்கில் ஒரு ரசிகன் மேடையிலிருந்து தள்ளிவிட, படுகாயத்தோடு மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்தார்.

கேசினோ போனதும் டீப் பர்பிள் பெவிலியன் என்ற அரங்குக்கு மாறியது. அங்கேதான் இந்த ரிஃப் பதிவானது. சத்தம் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் சொல்ல, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. வாசித்து முடிகிறவரை குழுவின் உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்! எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பதிவு முடிந்ததும் அங்கிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று.

கடைசியில் கிடைத்தது குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி எதிரொலியைக் குறைத்து, மீதிப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஏரிமேல் புகை பரவியதைப் பார்த்திருந்த பாஸ் கிட்டார் கலைஞர் ராஜர் க்ளோவர், சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழும்போது தலைப்பு வாயில் வந்தது. பாடகர் இயன் கில்லனோடு உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். லாரி, சிவப்பு விளக்கு, பழைய கட்டில் எல்லாம் வரியில் இருக்கிறது. சுட்டவனை 'முட்டாள்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். இன்னொரு குழுவாக இருந்தால் நெருப்பை வைத்து நாலு பத்தி தத்துவம் பேசியிருக்கும்.

குழுவுக்கே இதன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை என்பதுதான் வேடிக்கை. 1972இல் ஆல்பம் வந்தபோது சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக வெளியிட, அவர்கள் நம்பியது 'நெவர் பிஃபோர்' பாட்டை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது 1973இல்தான். அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் 4ஆம் இடம்.

ரிஃபையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி ப்ளாக்மோர் அதைப் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல், இரண்டிரண்டு கம்பிகளை விரலால் சேர்த்து இழுத்து வாசித்தார். கீபோர்டு கலைஞர் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கனும் சேர்ந்துகொள்வதால்தான் அந்தக் கனம். பலரும் பிக்கால் அடித்துவிட்டு ஏன் அப்படிக் கேட்கவில்லை என்று யோசிப்பார்கள்.

குழுவின் 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தில் உள்ள மேடைப் பதிவுதான் ஒசத்தி என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. வேகம் அதில் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு ஸ்டூடியோ பதிவுக்கே. கில்லன் அதில் அலட்டிக்கொள்ளாமல், பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்கிறவர் மாதிரிப் பாடுகிறார். இந்தப் பாட்டுக்கு அந்தக் குரல் போதும்.