பழைய ஜீப்புக்கு முதல் செலவு பிரேக்குக்கு

பழைய ஜீப் வாங்கியவர்கள் முதலில் எதற்குப் பணம் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கூரைமேல் எல்.இ.டி. விளக்கு வரிசை, முன்னால் தடித்த இரும்புக் காப்பு, பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் டயர். அதே வண்டியின் பிரேக் டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுழலும் வட்ட உறையைக் கழற்றினால், லைனிங்கை அதன்மேல் அழுத்தும் வீல் சிலிண்டர் கசிந்து, உராய்ந்து வண்டியை நிறுத்த வேண்டிய லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். சேலத்தில் இந்த ஆசை பலருக்கும் பிடித்துக்கொண்டிருப்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஏற்காடு ஏறப்போகும் வண்டிக்கு முதல் செலவு பிரேக், அடுத்தது ஸ்டியரிங், அதற்கடுத்தது துரு. மற்றவை எல்லாம் கையில் பணம் மிஞ்சினால்.

கோரிமேட்டில் என் வீட்டு வாசலில் நிற்பது மகிந்திரா எம்.எம்.540. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மூட்டையும் ஆட்களுமாகச் சுமந்து ஓய்ந்த வண்டி. பெஜோ வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் எஞ்சின். சக்தி அறுபது குதிரைத்திறனுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். “இதைத் தூக்கிப்போட்டுவிட்டு டர்போ எஞ்சின் வையுங்கள்” என்று சொல்லாத நண்பர் இல்லை. அறுபது குதிரைத்திறனுக்கு அளவெடுத்த கியர்பாக்ஸும் அச்சும் இரட்டிப்பு முறுக்கை எத்தனை நாள் தாங்கும்? அந்த வேகத்தை எந்தப் பிரேக் நிறுத்தும்? தோட்டத்தில் இந்த எஞ்சினை யாரும் மெதுவானது என்று குறை சொன்னதில்லை. சேற்றில் மூட்டையோடு ஏற வேண்டும், அதை அது செய்தது.

மலைப்பாதையின் கணக்கு எளிது. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் 1,200 மீட்டர் இறங்கும்போது வண்டியின் எடை சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக எங்காவது போயாக வேண்டும். ஒன்று எஞ்சின் வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் பிரேக். டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். மிதி ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. பழைய தோட்டத்து டிரைவர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திராட்டில் தகடு இல்லாததால், காலை எடுத்தவுடன் பெட்ரோல் வண்டி பிடிப்பதுபோல் அது பிடிக்காது. ஆகவே கியரைக் குறைக்கத்தான் வேண்டும்.

இனி பிரேக் வேலை. முன் சக்கரங்களுக்கு டிரம்முக்குப் பதில் டிஸ்க் (சுழலும் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்) போடுவது நல்ல மாற்றம்தான். ஆனால் அதைத் தனியாகச் செய்துவிட்டு “மிதி கல்லாக இருக்கிறது” என்று புலம்புகிறவர்கள் அதிகம். டிரம் பிரேக்கில் சக்கரம் சுழலும் திசையே லைனிங்கை டிரம்மோடு சேர்த்து இழுத்து அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, கால் அழுத்தம் மட்டுமே. அதற்கு வேக்யூம் பூஸ்டர், அதாவது காற்று உறிஞ்சும் விசையால் கால் அழுத்தத்தைப் பெருக்கும் கருவி வேண்டும். மேலே சொன்ன அதே திராட்டில் தகடு இல்லாததால் இந்த எஞ்சினில் வேக்யூமும் தானாகக் கிடைக்காது, ஆல்டர்னேட்டரின் பின்புறம் பம்ப் வைக்க வேண்டும். மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் இரட்டைச் சுற்றாக, அதாவது இரண்டு தனித்தனிக் குழாய் வழிகளோடு இருப்பது அவசியம். ஒற்றைச் சுற்றில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். இவ்வளவும் செய்ய இரண்டு நல்ல டயரின் விலையைவிட நிச்சயம் அதிகமாகும். புகைப்படத்தில் ஒன்றும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பட்டறைகளில் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக் கட்டிப் போடுங்கள். வாசலில் குழந்தைகள் விளையாடும் வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால் பெட்டியை மட்டும் குற்றம் சொல்லாமல் கிங்பின், டை ராடு முனைகள், ஸ்பிரிங் பட்டை புஷ் எனச் சக்கரத்தைத் திருப்பவும் தாங்கவும் உதவும் மூட்டுகள் எல்லாவற்றையும் பாருங்கள். துரு விஷயத்தில் மலை வண்டி தந்திரக்காரி. ஏற்காட்டு மூடுபனியும் சிவப்புச் சேறும் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) உட்புறத்தில் தங்கி அரிக்கும், வெளியே பட்டி பூசி மினுக்கிவிடலாம். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேளுங்கள். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் தகடு மெலிந்திருக்கும். அங்கே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் வழி. சேலத்தில் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமா என்ன? ஆனால் பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், டீசல் டேங்க்கின் அருகே போகவே வேண்டாம்.

டயரைப் பற்றி இரண்டே வரி. விட்டம் கூடினால் கியர் விகிதம் உயர்ந்து ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அதே பிரேக் பெரிய சக்கரத்தைப் பிடிக்கத் திணறும். இன்னொன்று, காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர லீவரைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவு திருப்பாதீர்கள். முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் அவற்றுக்கு இடையே இல்லாத வண்டி இது. வளைவில் இரண்டும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் கியர் பெட்டியும் சுழல்தண்டின் மூட்டான யு-ஜாயிண்டும் முறுக்கப்படும்.

சட்டமும் இருக்கிறது. முன் இரும்புக் காப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளரின் அடிப்படை வடிவத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று, பிறகு இன்னும் பழைய வண்டிகளுக்கு மேலும் ஏறியது. என் மனக்குறை வேறு. உயிர் காக்கும் பிரேக் மாற்றத்தையும் பகட்டுக்குப் போடும் காப்பையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். பாதுகாப்புக்கான மாற்றத்தைச் சோதித்துப் பதிவுசெய்ய எளிய வழி ஒன்று வைத்தால் என்ன? அது வரும்வரை வேலை தொடங்கும் முன்பே மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றான பிறகு இறக்கத்தில் எடை முன்னோக்கிச் சாய, பின் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்கிறது. பின்புறக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைக்க நினைக்கிறேன். நீளம் குறைந்த ஜீப்பில் திருகி அளவு மாற்றும் வகையைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால், காலி வண்டிக்கும் சுமை ஏற்றிய வண்டிக்கும் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள்.