நின்ற கப்பலில் நிற்கும் மாடுகள்

2024 பிப்ரவரியில், பிரேசிலிலிருந்து ஈராக்கிற்குச் சுமார் 19,000 மாடுகளை ஏற்றிச் சென்ற கப்பல், தீவனம் ஏற்றத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தில் நின்றபோது நகரமெங்கும் நாற்றம் வீசியதை நான் படித்த ஒரு கட்டுரை விவரிக்கிறது. ஆனால் அது நகரவாசிகளின் மூக்கைப் பற்றியே அதிகம் பேசுகிறது. மாடுகளின் நிலையைச் சற்றுச் சொல்லியிருக்கலாம்.

தேவகோட்டை ரஸ்தா ரயில்வே கேட்டில் ஆட்டு லாரி நிற்கும்போது பார்த்திருக்கிறேன்: வண்டி ஓடும்வரை அமைதியாக இருந்த ஆடுகள், நின்ற சில நிமிடங்களில் வாய் பிளந்து மூச்சு வாங்கத் தொடங்கும். கப்பலிலும் அதுவே நடக்கிறது. திறந்த தளங்களுக்கு ஓட்டத்தால் கிடைக்கும் காற்று துறைமுகத்தில் நின்றுபோவதாலும், சாணத்தைக் கழுவித் துறைமுக நீரில் விட இயலாததாலும், வெப்பமும் அம்மோனியாவும் ஒன்றாக ஏறுகின்றன. கண்ணெரிச்சலும் இருமலும் முதலில் தென்படும்.

தண்ணீர் இன்னும் பெரிய சிக்கல். வெயில் காலத்தில் மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் 7.6 லட்சம் லிட்டர் வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை அழுக்கான துறைமுக நீரில் பொதுவாக இயக்குவதில்லை. ஆகவே, கப்பல் துறையை அடையும் முன்பே தண்ணீர், தீவனம், உலர்ந்த படுக்கை, கூடுதல் மின்விசிறிகள், கால்நடை மருத்துவர் ஆகிய ஏற்பாடுகளை உறுதிசெய்யாத கப்பலுக்கு ஏற்றுமதி அனுமதியே தரக்கூடாது என்பது என் கருத்து.