உறை இருந்த இடம் யாருக்குத் தெரியும்?

வெளிநாட்டுப் பயணத்தில் பணத்தைப் பறிகொடுத்தேன் என்று சொன்னால் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். அதில் அதிகாரிகளுக்கும் பங்கிருக்குமோ என்று சந்தேகிக்கிறேன் என்று சொன்னதும் அந்த வருத்தம் சட்டென்று குறைந்துவிடுகிறது. பணம் போன ஆத்திரத்தில் பேசுகிறார் என்று ஒரு சாரார் ஒதுக்குகிறார்கள்; அந்த நாட்டில் எல்லாருமே அப்படித்தான் என்று மறு சாரார் ஒரு தேசத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. சந்தேகம் ஆதாரம் ஆகிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நியாயமான சந்தேகம் ஒன்று விசாரிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை பறிகொடுத்தவருக்கு உண்டு. பயணியாக இருப்பவரிடமிருந்து அந்த உரிமை எவ்வளவு எளிதாக, எவ்வளவு மரியாதையாகக்கூடப் பிடுங்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். பெயரை எழுதினால் பேச்சு முழுவதும் அந்நாட்டு மக்களைப் பற்றியதாகத் திரும்பிவிடும் என்பது இன்னொரு காரணம். அன்றிரவு சாலையோரத்தில் நின்ற என்னைத் தம் வண்டியில் ஏற்றிக் காவல் நிலையம் வரை கொண்டுபோய்விட்டவரும் அந்த மக்களில் ஒருவர்தான்.

விமான நிலையத்தில் சுங்கப் பரிசோதனையைக் கடக்கும்போது, எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று அங்கிருந்த அலுவலர் கேட்டார். அறிவித்தே ஆக வேண்டிய வரம்புக்கு வெகு கீழேதான் இருந்தது, தொகையைச் சொன்னேன். அவர் திருப்தியடையாமல், கைப்பையின் உள்பகுதியில் இருந்த உறையை வெளியே எடுக்கச் சொல்லி, மேசைமேல் வைத்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். ஒரு தாளும் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். எங்கே தங்கப்போகிறேன் என்று கேட்டு முகவரியைக் குறித்துக்கொண்டார். அதுவரை குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. பிறகு வாடகை வண்டியில் நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கார் குறுக்கே வந்து நின்றது. இறங்கி வந்த இருவர் தங்களைக் காவல்துறையினர் என்று சொல்லிக்கொண்டு, ஓர் அட்டையைப் படிக்க நேரம் தராமல் காட்டி மறைத்தார்கள். பெரிய பெட்டியை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. கைப்பேசியைக் கேட்கவில்லை, மடியில் இருந்த கணினியைத் தொடவில்லை. கைப்பையை மட்டும் வாங்கி, வெளிப் பைகளைத் துழாவாமல் நேரே உள்பகுதியைத் திறந்து, உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் சந்தேகத்தின் வேர் அந்தக் கடைசிச் செயலில் இருக்கிறது. காவல்துறையினர்போல் நடித்து, கள்ள நோட்டுச் சோதனை என்று சொல்லிப் பணப்பையை வாங்கிக்கொள்ளும் மோசடி ஐரோப்பா முதல் தென் அமெரிக்கா வரை பல நகரங்களில் பழக்கமானதுதான். அத்தகைய ஆட்கள் எதிர்ப்பட்ட எவரையும் நிறுத்துவார்கள். எது எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். இவர்கள் தேடவில்லை. வண்டி ஓட்டுநர்மீது எனக்கும் முதலில் எண்ணம் ஓடியது. அவர் பாதையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் உறையை அவர் பார்த்ததே இல்லை. நான் நாணய மாற்றுக் கூடத்துக்குப் போகவில்லை. உறை வெளியே வந்தது ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு முறை. அங்கே அதைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் எண்ணிய அலுவலர், அடுத்த மேசையில் இருந்தவர், சுமை தூக்குபவர்கள், எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சக பயணிகள். இவர்களில் யார் என்று எனக்குத் தெரியாது. எண்ணிய அலுவலராக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பணம் இருந்த இடம் பற்றிய செய்தி அந்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்துதான் வெளியே போனது என்பது ஆத்திரத்தில் சொல்லும் பேச்சு அன்று. ஒரு விசாரணை தொடங்க வேண்டிய இடம் அது.

காவல் நிலையத்தில் விசாரணை அங்கே தொடங்கவில்லை, வேறெங்கும் தொடங்கவும் இல்லை. பணியில் இருந்தவர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை, தேநீர்கூடக் கொடுத்தார். ஆனால் வழிப்பறி என்று எழுதாமல் ‘பணம் காணாமற்போனது’ என்று எழுதலாமே, வேலை சீக்கிரம் முடியும் என்றார். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏதோ ஒரு காகிதம்தானே வேண்டும் என்றும் சொன்னார். அது பொய். காணாமற்போனதற்கும் களவு போனதற்கும் பயணக் காப்பீட்டில் பெரிய வேறுபாடு உண்டு. ரொக்கத்துக்குக் காப்பீடு தரும் ஒப்பந்தங்களே குறைவு, அவற்றிலும் பெரும்பாலானவை குறுகிய காலத்துக்குள் காவல்துறையில் பதிவு செய்த களவு அறிக்கையைக் கேட்கும். நான் மறுத்தபோது, சரி வழிப்பறி என்றே எழுதுவோம், ஆனால் விமான நிலையத்தில் பணத்தை எண்ணிய விஷயம் வேண்டாம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பதைத்தானே விசாரிக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. என் கடவுச்சீட்டைப் புரட்டியபடி, திரும்பும் விமானம் என்றைக்கு என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். அது மிரட்டல் அன்று, கனிவாகவே கேட்டார். ஆனால் பயணிக்கு எதிராக நடக்கும் குற்றங்களின் முழுக் கணக்கும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கொள்ளையடித்தால் அவர் அடுத்த வாரமும் வந்து நிற்பார், உறவினரை அழைத்து வருவார், வழக்கறிஞரை வைப்பார், அடையாள அணிவகுப்புக்கு அழைத்தால் வருவார். பயணி சில நாட்களில் விமானம் ஏறிவிடுவார். சாட்சியே ஊரில் இல்லாத வழக்கு தானாகவே உறங்கிப்போகும். இதைத் திருடனும் அறிவான், திருடனுக்குத் துப்புக் கொடுப்பவரும் அறிவார், விசாரிக்க விரும்பாத அதிகாரியும் அறிவார். ஆகவே ஓர் அதிகாரி துணைபோவதற்கான விலை இங்கே மிக மலிவு. பிடிபடும் வாய்ப்பு விமானச் சீட்டில் அச்சிட்ட தேதியோடு முடிந்துவிடுகிறது.

அந்தக் காவலரும் உடந்தை என்று நான் சொல்லவில்லை. சோம்பலும் உடந்தையும் மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவருக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன. வழிப்பறி என்று பதிந்தால் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டும், சுற்றுலாவின் பெயர் கெடும், இன்னொரு துறையோடு மோத வேண்டும். இந்தக் காரணங்கள் போதும், நேர்மையான ஒருவரும் ‘காணாமற்போனது’ என்று எழுதுவதற்கு. பொய்ப் புகார் கொடுத்துக் காப்பீட்டுப் பணம் பெறும் பயணிகளும் இருக்கிறார்கள் என்பதால், காவலர்களின் அவநம்பிக்கை முழுவதும் ஆதாரமற்றதும் அன்று. ஆனால் விளைவு என்ன? கூடத்திலிருந்து செய்தியைக் கசியவிட்டவர் யாராக இருந்தாலும், அவருக்குக் கைம்மாறு எதுவும் பெறாமலே ஒரு காவலர் பாதுகாப்பு அளித்துவிடுகிறார். உடந்தைக்குக் கூட்டுச்சதி தேவையில்லை. கேள்வி கேட்காத ஒரு பழக்கம் போதுமானது.

இப்படியெல்லாம் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு வெளிப்படையாகப் பதிவான சில நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன். அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் அரசு ஊழியர் ஒருவர் நெடுநாள் பயணிகளின் பொருள்களைத் திருடி, தொலைக்காட்சி நிறுவனங்களின் விலையுயர்ந்த படக்கருவிகளை இணைய ஏலத் தளத்தில் விற்றதில் 2008-ல் பிடிபட்டார். 2023-ல் மயாமி விமான நிலையத்தில் சோதனை ஊழியர்கள் பயணிகளின் பைகளிலிருந்து பணம் எடுத்தது கேமராவில் பதிவாகி உலகமே பார்த்தது. அதே ஆண்டு மணிலா விமான நிலையத்தில், சீனப் பயணி ஒருவரிடமிருந்து எடுத்த 300 டாலர் மதிப்புள்ள நோட்டுகளைப் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் வாயில் போட்டு விழுங்கும் காட்சியும் கேமராவில் சிக்கியது. (இவற்றில் முதல் இரண்டும் பணக்கார நாட்டில் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும், ஊழல் ஏழை நாட்டுச் சரக்கு என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.) 2023 ஜனவரியில், பாங்காக் நகரச் சோதனைச்சாவடி ஒன்றில் காவலர்கள் தம்மிடம் 27,000 பாட் பறித்ததாகத் தைவான் நடிகை ஒருவர் சொன்னபோது, காவல்துறை முதலில் மறுத்தது. செய்தி பெரிதான பிறகுதான் பணம் வாங்கியது உண்மை என்று தெரியவந்தது.

இந்த நிகழ்வுகளில் உண்மை எப்படி வெளிவந்தது என்று பாருங்கள். ஓரிடத்தில் பொருளை இழந்தது பெரிய நிறுவனம். இன்னோரிடத்தில் இழந்தவர் புகழ்பெற்றவர். மற்ற இடங்களில் கேமரா இருந்தது, அதன் பதிவை யாரோ எடுத்துப் பார்த்தார்கள். புகழும் இல்லாமல், பதிவைக் கேட்டு வாங்கும் வழியும் இல்லாமல் இருப்பவரின் சந்தேகம் வெறும் புலம்பலாகவே நின்றுவிடுகிறது. ஜொகன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்து பயணிகளைப் பின்தொடர்ந்து சென்று கொள்ளையடிப்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் குற்றம். யாரிடம் பணம் இருக்கிறது என்ற தகவல் உள்ளிருந்து போகிறதா என்ற கேள்வி அங்கே வெளிப்படையாகவே எழுப்பப்படுகிறது. கேள்வியை எழுப்புவதே தேசத் துரோகம்போல் பார்க்கப்படும் இடங்களும் உண்டு. பல நாடுகளில் அவதூறு ஒரு குற்றவியல் குற்றம் என்பதால், அலுவலரைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டும் பயணியே வழக்கில் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

தூதரகம் எதற்கு இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு, தம் நாட்டவருக்கு உதவுவதைத் தூதரகத்தின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. அதே உடன்படிக்கையின் 55-ஆம் பிரிவு, தங்கியிருக்கும் நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. ஆகவே கடவுச்சீட்டு போயிருந்தால் அவசரப் பயண ஆவணம் தருவார்கள், வழக்கறிஞர்களின் பட்டியல் தருவார்கள், வீட்டாருக்குத் தகவல் சொல்வார்கள்; குற்றத்தை விசாரிக்க மாட்டார்கள், விசாரிக்கவும் முடியாது. என்னிடம் பேசிய அலுவலர் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஆனால் அவர் செய்த ஓர் உதவி பெரிது: என் எழுத்துப் புகாரை ஒரு முகப்புக் கடிதத்துடன் இணைத்து அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பினார். தூதரகத்தின் வழியாகப் போகும் காகிதத்துக்கு ஒரு பதிவு எண் கிடைக்கிறது. பயணி கையில் கொண்டுபோகும் காகிதத்துக்கு அது கிடைப்பதில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஓர் ஒப்பீடு. நான் விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டியை யாராவது உடைத்துப் பொருளை எடுத்திருந்தால், பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை எனக்குத் துணை நின்றிருக்கும். பெட்டியைப் பெற்ற 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும், 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், இழப்பீட்டின் உச்சவரம்பு தற்போது பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று எல்லாமே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஊழியரின் கை அது என்று பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது நேர்ந்தது என்றால் போதும். ஓர் அரசின் மேசையில், அரசு ஊழியரின் உத்தரவின்பேரில் திறக்கப்பட்ட பணத்துக்கு மட்டும் அப்படி ஒரு பொறுப்பு எங்கும் எழுதப்படவில்லை. தனியார் நிறுவனத்திடம் நாம் எதிர்பார்க்கும் பொறுப்பை அரசிடம் எதிர்பார்க்கக் கூடாதா?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. பயணியின் பணத்தை எண்ணிப் பார்க்கும் அலுவலர், எண்ணிய நேரத்தையும் தம் பணி எண்ணையும் குறித்து ஒரு சீட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நேர்மையான அலுவலருக்கும் அது பாதுகாப்புத்தான். புகார் கொடுப்பவருக்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும், மொழி தெரியாதவர் கேட்டால் அதை மொழிபெயர்த்தும் இலவசமாகத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே பாதிக்கப்பட்டோர் உரிமைகளுக்கான ஆணையில் எழுதிவிட்டது. ஓர் உறுப்பு நாட்டில் வசிப்பவர் மற்றொன்றில் பாதிக்கப்பட்டால், புகார் கொடுத்த உடனே வாக்குமூலம் பெறுவதற்கும், ஊர் திரும்பிய பின் காணொலி வழியே அவரை விசாரிப்பதற்கும் அதே ஆணையில் இடம் இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நம்மைப் போன்றவர்களுக்கும் இந்த வசதி நீட்டிக்கப்பட்டால், திரும்பும் விமானம் என்றைக்கு என்ற கேள்வியின் பலம் பாதியாகக் குறைந்துவிடும். நீதிமன்றங்களே காணொலியில் நடக்கும் காலத்தில், சாட்சி ஊரில் இல்லை என்பது வழக்கை மூடுவதற்குக் காரணம் ஆகாது.

அதுவரை, இதே நிலையில் நிற்பவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. அந்தக் குறைவானதையும் விடாமல் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ‘அலுவலர் உடந்தை’ என்று நான் எங்கும் எழுதவில்லை. எந்த மேசை, எத்தனை மணி, யார் எண்ணினார், உறை எங்கிருந்து எடுக்கப்பட்டு எங்கே திருப்பி வைக்கப்பட்டது, பிறகு சாலையில் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை வரிசையாக எழுதினேன். படிப்பவரே முடிவை எட்டிக்கொள்ளட்டும். காவல் நிலையத்தில் அந்தப் பகுதியைச் சேர்க்க மறுத்ததால், அதைத் தனித் தாளில் என் கையெழுத்துடன் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். முத்திரைக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது. கேமராப் பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களில் தாமாகவே அழிந்து புதியவை பதியப்படும் என்பதால், பதிவைத் தருமாறு கேட்பதற்கு முன்னால், அழிக்காமல் வைக்குமாறு கேட்டு அன்றைய இரவே விமான நிலைய நிர்வாகத்துக்கு எழுதினேன்.

நிர்வாகத்திடமிருந்து நீண்ட பதில் வந்திருக்கிறது. எனக்கு நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள், சம்பவம் தங்கள் எல்லைக்கு வெளியே நடந்தது என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், காவல்துறையை அணுகுமாறு அறிவுறுத்தியிருக்கிறார்கள். நான் கேட்டிருந்த ஒரே கேள்வி, குறிப்பிட்ட நேரத்தில் அந்தச் சுங்க மேசையைப் பார்த்த கேமராவின் பதிவு பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்பது. அதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் அந்தக் கடிதத்தில் ஒரு சொல் கிடையாது. அதே கேள்வியை மட்டும் ஒரே வரியில் எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறேன். இம்முறை தூதரகத்துக்கும் அந்நாட்டின் ஊழல் தடுப்பு அமைப்புக்கும் பிரதி வைத்திருக்கிறேன்.