மயிலுக்கு நீல டின்

(ரங்கூனுக்கு வெளியே ஒரு முருகன் கோயில். சாரம் கட்டியாகிவிட்டது.)

தர்மகர்த்தா: பெயிண்டர் வருவார் என்றார்கள், பெண்பிள்ளை என்று சொல்லவில்லை. சரி, முதலில் மயிலை முடித்துவிடும்மா.

மாணவி: நான் பெயிண்டர் இல்லை மாமா. கலை வரலாற்றில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன். அந்த மயிலைப் பற்றித்தான் ஓர் அத்தியாயம்.

தர்மகர்த்தா: படித்த பெயிண்டரா! மயிலுக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும்?

மாணவி: ஒரு சொட்டுகூட வேண்டாம். அது சுண்ணாம்பு வேலை. மேலே எனாமல் அடித்தால் ஈரம் வெளியே போகாமல் பொரிந்துவிடும்.

தர்மகர்த்தா: மழைக்காலத்தில் இந்த ஊரே பொரிந்துதான் கிடக்கிறது. மொத்தம் எவ்வளவு எழுத வேண்டும்?

மாணவி: 80,000 சொல்.

தர்மகர்த்தா: மயிலுக்கு அவ்வளவு இறகே இல்லையேம்மா.

மாணவி: பர்மாவின் பழைய தலைநகர் பகானிலிருந்து தொடங்குகிறேன் மாமா. அங்கே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்திலிருந்து, அதாவது கேரளப் பக்கத்திலிருந்து வந்த குலசேகர நம்பி, நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, விளக்கும் வைத்தார். இங்கே டியூப் லைட் முழுக்க உபயதாரர் பெயர்; வெளிச்சம் வரத்தான் வழியில்லை.

தர்மகர்த்தா: நம்பி கொடுத்தது உனக்கு எப்படித் தெரியும்?

மாணவி: கல்லில் வெட்டியிருக்கிறார்.

தர்மகர்த்தா: பெயரோடா?

மாணவி: ஊர்ப் பெயரோடு.

தர்மகர்த்தா: அந்தக் கதவு?

மாணவி: இப்போது இல்லை.

தர்மகர்த்தா: விளக்கு?

மாணவி: அதுவும் இல்லை.

தர்மகர்த்தா: பெயர் மட்டும் இருக்கிறது. அப்புறம் டியூப் லைட்காரர் என்ன பாவம் செய்தார்?

(மாணவி பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கிறாள்.)

தர்மகர்த்தா: அது போகட்டும். நீலத்தில் ரெண்டு கோட் போதுமா?

மாணவி: நீலமா? கொண்டையைப் பாருங்கள் மாமா. இந்திய மயிலுக்கு விசிறி மாதிரி விரிந்திருக்கும். இதற்கு நெட்டுக்குத்தாக ஈட்டி போல நிற்கிறது. கழுத்தெல்லாம் செதில். இது பர்மாக் காட்டுப் பச்சை மயில்! கொத்தனார் கண்ணால் பார்த்த மயிலைச் செய்திருக்கிறார்.

(தர்மகர்த்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொண்டையை வெகுநேரம் பார்க்கிறார்.)

தர்மகர்த்தா: இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பச்சை டின் வாங்கியிருப்பேனே! உனக்கு முன்னால் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? டேப் பிடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், எங்கள் வீட்டு மொகிங்கா நூடுல்ஸை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். புத்தகம் வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். எங்கள் கோயில் எந்தெந்த ஊர் அலமாரியிலோ இருக்கிறது. என் கையில் இருப்பது பெயிண்ட் கார்டுதான்.

மாணவி: நான் கட்டாயம் அனுப்புவேன் மாமா.

தர்மகர்த்தா: தை மாசம் கும்பாபிஷேகம். அதற்குள் வருமா?

மாணவி: ...இன்னும் மூன்றாவது அத்தியாயத்தில்தான் இருக்கிறேன்.

தர்மகர்த்தா: பெயிண்ட் நேற்றே வந்துவிட்டது.