பெர்மிட் இருந்தால் பெட்டியைத் திறக்க மாட்டார்களா?

"விதை, செடி இறக்குமதிக்குப் பெர்மிட் வாங்கிவிட்டால் குவாரன்டைனில் (பூச்சி, நோய் உள்ளே வராமல் தடுக்கும் சோதனையில்) பெட்டியைத் தொடவே மாட்டார்கள், சரக்கு கிளம்பின பிறகு விண்ணப்பித்தாலும் போதும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

பெர்மிட் என்பது நிபந்தனையோடு வரும் அனுமதி. அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கத்தான் பெட்டியைத் திறக்கிறார்கள். ஏற்றுமதிக்கு முன் இன்ன சிகிச்சை, இன்ன சோதனை என்று அதில் இருந்தால், கப்பல் ஏறிய பிறகு அதை எப்படிச் செய்வது? திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் அழிப்பார்கள். செலவு நம் தலையில்.

ஃபைட்டோசானிட்டரி சான்றிதழ், அதாவது தாவர நலச் சான்றிதழ், வேறு விஷயம். அதைத் தருவது அனுப்பும் நாட்டின் தாவரப் பாதுகாப்புத் துறை. பெர்மிட் கேட்கும் கூடுதல் உறுதிமொழி வாசகம் அதில் அப்படியே இருக்க வேண்டும். தாவரவியல் பெயரும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கட்டும். எனக்கு ஒருமுறை பெர்மிட்டில் முழுப் பெயர், இன்வாய்ஸில் வெறும் "பூ விதை". அந்த ஒரு வரிக்காகப் பெட்டி பத்து நாள் கிடந்தது.

அப்புறம், பலரும் மறப்பது மரப்பெட்டியும், சரக்கை அடுக்கும் மரத்தட்டான பேலட்டும். உள்ளே இரும்புச் சாமான் இருந்தாலும் மரப் பொதிகளுக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15 பொருந்தும். வெப்பச் சிகிச்சை என்றால் வழக்கமான முறையில் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம். கோதுமைக்கதிர் முத்திரையும் பக்கத்தில் வெப்பச் சிகிச்சையைக் குறிக்கும் ஹெச்.டி. குறியீடும் இருக்கிறதா என்று ஏற்றும் முன்பே போட்டோ கேட்டு வாங்குங்கள். இடுக்கில் வைக்கோல் திணித்திருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.