அலிகேட்ஸ் கேசட்டைக் குப்பையில போடாதீங்க

பேராக் சுங்கை சிப்புட்டுல தோட்டத்து லயத்து வீட்டைக் காலி பண்ணி தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிபோறவங்க முதல்ல தூக்கிப் போடுறது கேசட் பெட்டியைத்தான். தமிழ்ப் பாட்டுங்களுக்கு நடுவுல ஒரு அலிகேட்ஸ் இசைக்குழு கேசட் கண்டிப்பா இருக்கும். பினாங்கு அண்ணன் தம்பி டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் மலாய்ல பாடி நாட்டையே கேட்க வச்ச ஆல்பங்கள். லோகநாதன் 2007-ல இறந்துட்டார்.

"அதான் யூடியூப்ல இருக்கே லா"ம்பாங்க. இருக்கு. பெல்ட் தளர்ந்த பிளேயர்ல ஓட்டி ஏத்தினதும் அதுல சேர்த்தி. சுருதி இறங்கி, லோகநாதன் குரல் தூக்கத்துல பாடுற மாதிரி இருக்கும். அதுக்குக் கீழ இதயம் இதயமா போடுறதை விட, ஒரே ஒரு கேசட்டை ஒழுங்கா கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கிறவங்கதான் என் கணக்குல ரசிகர்.

முதல்ல கேசட் ஜன்னலை வெளிச்சத்துல பாருங்க. சுருள் ஓரத்துல வெள்ளைப் பொடி தெரிஞ்சா அது பூஞ்சணம். நம்ம ஊரு ஈரத்துக்கு அது சகஜம். அப்படியே நல்ல டெக்குல போட்டா ஹெட்டுல (டேப்பைப் படிக்கிற முனை) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். பொடி இல்லேன்னா பிளே அழுத்துறதுக்கு முன்னாடி முழுசா ஒரு தடவை முன்னும் பின்னும் சுத்துங்க. வருஷக்கணக்கா இறுகிக் கிடந்த டேப்பு இளகும்.

நாடாவுக்குப் பின்னால செம்புத் தகட்டுல ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். பசை காய்ஞ்சு அது விழுந்திருந்தா சத்தம் மங்கி மங்கி வரும். வேற பழைய கேசட்டுலேர்ந்து எடுத்து மாத்தலாம். அறுந்த நாடாவுக்கு சாதாரண செலோடேப் மட்டும் வேணாம். பசை கசிஞ்சு பக்கத்துச் சுத்தையும் பிடிச்சுக்கும்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைச்சாச்சா? இப்பதான் முக்கியமான வேலை. ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் போட்ட ஒரு திருகாணி இருக்கும். பாட்டு ஓடும்போதே அதைத் துளித்துளியா திருப்பி, சிம்பல் சத்தமும் "ஸ்" எழுத்தும் கூர்மையா வர்ற இடத்துல நிறுத்துங்க. ஹெட் சாய்வு கேசட்டுக்குக் கேசட் மாறும், அதனால பழைய நிலையைப் பேனாவால குறிச்சிடுங்க. "கேசட் மங்கிப்போச்சு"ன்னு குப்பைக்குப் போறதுல பலதும் இந்தத் திருகாணிக் கோளாறுதான்.

லேப்டாப்ல இருக்குற ஒத்தை ஓட்டையில வயரைச் செருகாதீங்க. அது பெரும்பாலும் மைக்குக்கு, மோனோ. வலது இடதெல்லாம் ஒண்ணாயிடும். லைன்-இன் (டெக்கு வயரைச் செருகுற ஸ்டீரியோ ஓட்டை) உள்ள யூஎஸ்பி பெட்டி ஒண்ணு வாங்கிக்குங்க. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பா பதிவு பண்ணுங்க. உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேணாம். 20 நிமிஷப் பக்கத்துக்கு 350 எம்பி கிட்ட வரும். உறையில டால்பி (இரைச்சலைக் குறைக்கிற முறை) முத்திரை இருந்தா மட்டும் டெக்குல டால்பியைப் போடுங்க. சாஃப்ட்வேர்ல இரைச்சலைத் துடைக்கிற ஆசை வரும், அடக்கிக்குங்க. இரைச்சலோட சிம்பலும் சேர்ந்து போயிடும்.

பாட்டுப் பாட்டா வெட்டினாலும் முழுப் பக்கத்தையும் தனியா ஒரு கோப்பா வச்சிருங்க. முழு ஆல்பத்தையும் பொதுவுல ஏத்துறது வேற விஷயம், பதிப்புரிமை நம்மளோடது இல்ல. நாம இங்க தாராளமா பேசிக்க வேண்டியது உறையைப் பத்தி. மடிப்பைப் பிரிச்சு ரெண்டு பக்கமும் 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணுங்க. மெட்டு யார், பாட்டு எழுதினது யார்ங்கிற பொடி எழுத்து அதுலதான் இருக்கு. டேப்பு செத்துப்போய் உறை மட்டும் வச்சிருக்கவங்களும் கமெண்ட்ல படம் போடுங்க.