ஒன்பதாம் நாள் வந்த செய்தி

மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரியகல்லாற்றில், மனைவி வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். லீவு முடிய இன்னும் 6 நாட்கள் இருக்கின்றன. நேற்றுப் பின்னேரம் அடுத்த வளவுத் தம்பி ஓடி வந்தான். கட்டாருக்கு விசா வந்துவிட்டதாம். என்னென்ன சாமான் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டான். மிளகாய்த்தூள், வலிக்குப் பூசும் சித்தாலேப, இரண்டு சாரம், பூட்டோடு ஒரு பெட்டி என்று சொல்லி அனுப்பினேன். சொல்ல வேண்டிய பெரிய விடயம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவனுடைய அம்மாவும் வாசிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நான் 2003 இல் கட்டாருக்குப் போனவன். ஏ.சி. திருத்தும் வேலை. முதல் 8 ஆண்டுகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 45 நாள் லீவு. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதம். கொரோனா வந்த வருடம் அதுவும் இல்லை. கூட்டிப் பார்த்தால் 22 ஆண்டுகளில் ஊரில் இருந்தது 19 மாதங்கள்.

ஆரம்பத்தில் ஒரே அறையில் 12 பேர். காலை 4 மணிக்கே குளியலறை வாசலில் வரிசை. வெள்ளிக்கிழமை வந்தால் உடுப்புத் துவைத்து, சமைத்து, போன் கார்டைச் சுரண்டி வீட்டுக்குப் பேசுவோம். கட்டிலுக்கு மேலே கலண்டர் ஒட்டி, முடிந்த நாளை எல்லாம் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கோடு எந்த வருடத்தில் நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. இப்போது அறையில் 4 பேர். கம்பனி வாகனம் என் கையில். மலையாளத்தில் விலை பேசுகிறேன், ஹிந்தியில் கோபப்படுகிறேன். ஏ.சி. இரைச்சல் கேட்காவிட்டால் நித்திரை வருவதில்லை. லீவில் வந்த முதல் வாரம் கடல் இரைச்சலுக்கு விழித்துக்கொண்டு கிடக்கிறேன். குருக்கள்மடத்தில் அந்தக் கடலைக் கேட்டே வளர்ந்தவன் நான். இவை உடம்புக்கு வந்த பழக்கங்கள். ஒரு மாதம் இங்கே சூடை மீன் குழம்பும் பிட்டும் சாப்பிட்டால் பாதி போய்விடும். வீட்டாரோடு பேசும் பேச்சில் வந்த மாற்றம்தான் போகமாட்டேன் என்கிறது.

எண்பதுகளில் என் மாமா சவூதியில் இருந்தார். ஊரில் யாராவது அங்கே பயணம் போகிறார்கள் என்றால், முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் கசெற் பதிவு நடக்கும். நடுவில் ரேடியோப் பெட்டி. சுற்றிவரப் பாயில் நாங்கள். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, தம்பி எப்படி இருக்கிறாய் என்று தொடங்குவார். பிறகு ஒன்றும் மிஞ்சாது. மாடு கன்று போட்டது, அடைமழைக்கு அடுப்படிக் கூரை ஒழுகியது, அம்மம்மாவின் கால் வீக்கம், எல்லை வேலிச் சண்டை, யாருக்கு எவ்வளவு கடன் என்பது வரை 60 நிமிட நாடா முடியும் மட்டும் போகும். ஓரிடத்தில் அம்மா அழுதார். அதை அழிக்க எவருக்கும் தோன்றவில்லை. செய்தி மாமாவின் காதுக்குப் போகும்போது ஒரு மாதம் பழசாகியிருக்கும். ஆனாலும் முழுச் செய்தியாகப் போனது.

என் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2012 இல் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஒன்பதாம் நாள்தான் எனக்குச் சொன்னார்கள். அந்த ஒன்பது நாளும் நான் வீட்டோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். அப்பா எங்கே என்று கேட்டால் வயலுக்குப் போய்விட்டார், கோயிலுக்குப் போய்விட்டார் என்று தங்கச்சி சொன்னாள். பிறகு அவளோடு சண்டை பிடித்தேன். "சொன்னால் மட்டும் உங்களால் வர முடியுமா அண்ணா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டாள். வாயடைத்துப் போனேன். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கம்பனி கையெழுத்து வைத்து எக்ஸிட் என்ற வெளியேறும் அனுமதி தராமல் எந்த வெளிநாட்டுத் தொழிலாளியும் கட்டாரை விட்டு வெளியேற முடியாத காலம் அது. கையெழுத்துக் கிடைத்தாலும் டிக்கெட்டுக்குக் கடன் வாங்க வேண்டும். அவள் மறைத்தது அன்பினால்தான்.

அந்தச் சட்டம் 2018 இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு நீக்கப்பட்டது. டோஹாவில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு விமானத்தில் ஏறக்குறைய 5 மணி நேரம். போன் கார்ட் போய் ஐமோ என்ற வீடியோ அழைப்புச் செயலி வந்தது, நாளுக்கு நாலு தரம் முகம் பார்த்துப் பேசுகிறோம். மறைக்க வேண்டியதற்கான காரணம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. மறைக்கிற பழக்கம் மட்டும் வீட்டில் குந்திக்கொண்டிருக்கிறது.

2022 இல் அதை நன்றாகக் கண்டேன். வருடத் தொடக்கத்தில் ஒரு றியாலுக்கு 55 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 100ஐத் தொடுகிற அளவுக்குப் போனது. உனக்கென்ன, காசு இரண்டு மடங்கு என்று நண்பர்கள் சொன்னார்கள். மனைவியைக் கேட்டால், இங்கே எல்லாம் இருக்கிறது, யோசிக்காதீர்கள் என்றார். ஒரு நாள் உறவுப் பையன் ஒருவன் முகநூலில் போட்ட படத்தில், கேஸ் சிலிண்டர் வரிசையின் நடுவில், வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் நிற்பதைக் கண்டேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் நாள் இரவுதான் அரை மணி நேரம் பேசியிருந்தோம்.

நான் மட்டும் உண்மை சொன்னேனா? 2020 இல் காய்ச்சலோடு 14 நாட்கள் தனி அறையில் கிடந்தபோது, கமெராவுக்கு முன் சேர்ட் போட்டு, தலை வாரி இருந்து பேசினேன். கோடையில் மொட்டை மாடியில் நின்று வேலை செய்வதை ஒருநாளும் காட்டியதில்லை. ஜூன் முதலாம் திகதியில் இருந்து செப்டெம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பின்னேரம் 3.30க்கும் இடையில் வெளி வேலை கூடாது என்ற விதி 2021 இல்தான் வந்தது. அதற்கு முன் தடை நேரம் இதைவிடக் குறைவு. அந்த வெயிலைப் பற்றி என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அப்பா ஏ.சி. அறையில் வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் மட்டக்களப்பு வழக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தேன், இப்போது மகளுக்காக இந்த வளவில் அத்திவாரம் போட்டிருக்கிறோம். அதில் எனக்கு மனக்குறை துளியும் இல்லை. ஆனால் சீமெந்து எத்தனை மூடை என்று கேட்டு எடுக்கிற அழைப்பில், மேசன் ஏமாற்றிவிட்டான் என்பதையும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். காசு அனுப்புகிறவனுக்குக் கவலையைத் தாங்கவும் தெரியும். கவலையை நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டால், அவன் வீட்டுக்கு வெளியே நிற்கிறவன் ஆகிவிடுகிறான். பிறகு லீவில் வந்து ஒரு மாதம் இருந்தாலும், பேச்சு நடக்கும் இடத்துக்கு அவன் வந்தவுடன் எல்லோரும் கதையை மாற்றுவார்கள். அது எவ்வளவு வலிக்கும் என்பது அதை அனுபவித்தவனுக்குத் தெரியும்.

தம்பி, உனக்கும் இதுதான். முதல் மாதம் சம்பளம் தரவில்லை என்றால் வீட்டுக்குச் சொல். அழ வந்தால் அம்மாவுக்கு முன்னால் அழு.

போன வருடம் மகள் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். 7 நிமிடம். அம்மாவுக்கு இரவில் தலை சுற்றுகிறது, மருந்து எடுக்கப் போக மறுக்கிறார், தனக்குக் கணிதம் ஓடவில்லை, மாமாவோடு வேலிப் பிரச்சினை என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். பின்னால் கோழி கத்தியது, யாரோ தேங்காய் துருவினார்கள். கேட்டு முடித்து, வாகனத்தில் இருந்தபடியே நானும் பதிந்தேன். முழங்கால் வலியால் இரண்டு மாதமாக ஏணி ஏறவில்லை, அதனால் ஓவர்டைம் போய்விட்டது என்று முதன்முறையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை மனைவி எடுத்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நன்றாக ஏசினார். நானும் தலைச்சுற்றைச் சொல்லி ஏசினேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, எந்தக் கால் என்று கேட்டார்.